கிருபாவதி அம்மாள் வீடு பூட்டுவிழா

எங்கள் பொன்மணி அவென்யூவில் இதுவரை ஒரு திருட்டும் நடந்ததில்லை. குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் நாச்சிமுத்துவுக்கு இது நெடுநாளாக ஒரு மனக்குறை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் வீட்டில் பீரோவை உடைத்துவிட்டார்கள் என்று பக்கத்து லேஅவுட் சங்கத் தலைவரின் படம் பேப்பரில் வந்தது. மைக் முன்னால் நின்று, விரலை நீட்டி, பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி படம். அன்றிலிருந்து நாச்சிமுத்து காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் எதிர்வரிசைக்காரி. என் வீட்டு வாசலில் நின்றால் தெருவில் பாதி தெரியும், மாடிக்குப் போனால் மீதியும் தெரியும். நானாகப் போய் எதையும் பார்ப்பதில்லை. கண்ணில் படுவதைத் தள்ளிவிடுவதும் இல்லை.

சங்கத்தின் சாதனைகளைச் சொல்ல வேண்டும். எங்கள் லேஅவுட் தொண்டாமுத்தூர் பக்கம், மலைக்குக் கிட்டத்தில். போன வருஷம் ஒரு யானை இறங்கி வந்து நாச்சிமுத்து வீட்டு வாழையைத் தின்றுவிட்டுப் போனது. உடனே சங்கம் கூடி, ‘அந்நியர் உள்ளே வரத் தடை’ என்று நுழைவாயிலில் பேனர் கட்டியது. அடுத்த வாரம் யானை வந்து அந்தப் பேனரை இழுத்துப் போட்டு மிதித்துவிட்டு, மிச்சம் இருந்த வாழையையும் தின்றுவிட்டுப் போனது. சங்கம் மறுபடி கூடி இன்னும் பெரிய பேனராகக் கட்டியது. செயலாளர் பிரான்சிஸுக்குச் சொந்தமாக பேனர் அடிக்கிற கடை இருக்கிறது. சங்கம் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அது கடைசியில் பேனராகத்தான் முடியும்.

டிசம்பர் பிறந்ததும் ‘விடுமுறைக் காலக் குற்றத் தடுப்புத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போனால், வீட்டைச் சங்கமே பாதுகாக்கும். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. ஊட்டிக்குப் போகிறவர்கள், சென்னிமலைக்கு நேர்த்திக்கடனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முன்பைவிட அதிக ரகசியமாகப் போக ஆரம்பித்தார்கள். மூன்றாவது வீட்டு இளவேனில் குடும்பத்தோடு மூணாறு போனதை, அவர்கள் திரும்பி வந்து சட்டை காயப் போட்ட பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஏற்பட்ட அவமானம். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்படி இருக்கும்போது கிருபாவதி அம்மாள் தாமாகப் போய் மாட்டிக்கொண்டார்.

கிருபாவதி அம்மாள் என் வீட்டுக்கு நேரெதிர் வீடு. ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாக இருக்கிறார். ஊசி போடும்போதுகூட “வலிக்குதுங்களா” என்று கேட்டுவிட்டுப் போடுகிற ரகம். ஒரே மகள் டீனா, மருமகன் ஜெப்ரி, நாகர்கோவிலில் இருக்கிறார்கள். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் குழந்தைக்கு ஞானஸ்நானம். பாட்டிதான் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்று டீனா சொல்லிவிட்டாள். அதற்காகக் கிருபாவதி அம்மாள் வெள்ளை நூலில் ஒரு குல்லாய் பின்னினார், சின்னதாகிவிட்டது என்று பிரித்தார், மறுபடி பின்னினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரயில். வியாழக்கிழமை கிறிஸ்துமஸ்.

அவர் நாச்சிமுத்துவிடம் போய்க் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். சிறுவாணித் தண்ணி வந்தால் தொட்டி நிரம்பினதும் வால்வை யாரையாவது அடைக்கச் சொல்லுங்கள், நான் புத்தாண்டு கழிந்துதான் வருவேன் என்றார்.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, யாருக்காவது வரன் அமைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மறுநாளே தெரு முனையில் பேனர் ஏறிவிட்டது. கிருபாவதி அம்மாள் கைகூப்பி நிற்கிற ஆளுயரப் படம். பக்கத்தில் கைகூப்பாத நாச்சிமுத்து. கீழே, ‘இவ்வீடு செவ்வாய் முதல் புத்தாண்டு முடிய ஆளில்லாமல் பூட்டப்பட்டு, சங்கத்தின் நேரடிக் கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுத்து. வீட்டைக் காட்டுகிற அம்புக்குறி. அதற்கும் கீழே ரோந்து நேரம்: இரவு பத்து முதல் அதிகாலை நான்கு வரை.

வாய் சும்மா இருக்கவில்லை. ஏனுங்க, ஆளில்லைன்னு இவ்வளவு பெருசா எழுதி வெச்சா திருடன் படிக்க மாட்டானுங்களா என்று நாச்சிமுத்துவிடம் கேட்டுவிட்டேன்.

“படிக்கட்டுமுங்க பங்காரம்மா,” என்றார் அவர். “படிச்சாத்தானுங்களே பயப்படுவான்.”

இது முதல் பூட்டிய வீடு என்பதால் முறைப்படி விழா எடுத்துப் பூட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. புது வீட்டுக்குப் புகுவிழா நடக்கிற மாதிரி, இது பூட்டுவிழா. கிருபாவதி அம்மாள் தயங்கித் தயங்கி, நானே பூட்டிக்கிறேனுங்க, பழக்கமுங்க என்று சொல்லிப் பார்த்தார். அது தனிநபர் பூட்டு, இது மக்கள் பூட்டு என்று பிரான்சிஸ் விளக்கினார். தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டை ஒரு கடைக்காரர் நன்கொடை கொடுத்தார். பின்கதவுக்கும் இரும்புப் பட்டை வைத்து முந்தின நாளே அறைந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக ஓய்வு பெற்ற சிறை அதிகாரி தெய்வசிகாமணி வருவதாக ஏற்பாடு. பூட்டுகிற விஷயத்தில் அவரைவிட அனுபவசாலி யார் இருக்கிறார்கள் என்று பிரான்சிஸ் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கிருபாவதி அம்மாள் வாசலில் ஷாமியானா விழுந்தது. அவரைக்கொடிப் பந்தலைப் பிய்த்து நாற்காலி போட்டார்கள். ஜமாப் மேளம் அடிக்க ஆள் வந்தார்கள். மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பூட்டிவிட வேண்டும் என்பது திட்டம். சிறப்பு விருந்தினர் வேறொரு விழாவில் விருந்து முடித்துவிட்டுத்தான் வந்தார். நேரமாகிவிட்டதே என்று பேச்சைச் சுருக்கினார்களா என்றால், அதுதான் இல்லை. பூட்டுவதைச் சுருக்கிக்கொள்ளலாம், பேச்சைச் சுருக்க முடியாது என்று முடிவானது.

முதலில் பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். கிருபாவதி அம்மாளுக்கு ஒன்று. ஒன்று மிச்சமாக இருந்ததால், திண்டாடிப் பார்த்துவிட்டு அவருடைய பெட்டிக்குப் போர்த்திவிட்டார்கள். பெட்டி மேடையோரம் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. அந்தம்மாள் ரயிலை நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், கூட்டம் பார்க்கிறதே என்று சிரிப்பதுமாக இருந்தார்.

தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்தார்.

“என்ற சர்வீஸ் பூராவும் பூட்டறதுதானுங்க வேலை. பெருமைக்குச் சொல்லலீங்க. நான் பூட்டின எந்தக் கதவையும் உடைச்சுக்கிட்டு ஒரு திருடன்கூட உள்ள நுழைஞ்சதில்லை. நுழையோணும்னு ஆசைப்பட்டதும் இல்லை. ஏன்னா திருடனுங்க எல்லாரும் ஏற்கெனவே உள்ளதான் இருந்தானுங்க. குற்றத்தைக் குறைக்கோணும்னா அது ஒண்ணுதானுங்க வழி. ஆளை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டா, அதுக்கப்பறம் அவங்களுக்கு வெளிய ஒரு ஆபத்தும் வராது.”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் கிருபாவதி அம்மாளுக்கு சிலிண்டர் வால்வை மூடினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இப்படிச் சந்தேகம் வரும். என்னிடம் சாடை காட்டிவிட்டு உள்ளே போனார்.

மேடையில் யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ராகு காலம் பிறக்கப் போகுதுங்க என்று கத்தினார்கள். அவ்வளவுதான். ஜமாப் கிளம்பியது. தெய்வசிகாமணி தாவி வந்தார். கதவைச் சாத்தினார், பூட்டைப் போட்டார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அந்த இழுப்பில் தொழில் சுத்தம் தெரிந்தது. நான் நாற்காலிகளுக்கு நடுவில் கையை ஆட்டிக் கத்தினேன். ஜமாப்பில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. உள்ளிருந்து கதவு தட்டுகிறது. ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு கை வெளியே வந்து ஆட்டுகிறது. அம்மாள் எல்லாரிடமும் விடைபெறுகிறார் என்று நினைத்துக் கூட்டமும் பதிலுக்குக் கையை ஆட்டியது.

சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சிறப்பு விருந்தினருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். மாற்றுச் சாவி? பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அதையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நேராக விமான நிலையம் போய், சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பறந்துவிட்டார். தன் வீடு பூட்டியிருக்கும் விஷயத்தை மட்டும் அவர் எந்தச் சங்கத்திலும் சொல்லவில்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது.

ஜமாப் அடங்கின பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது சங்கத்துக்குத் தெரிந்தது. நாச்சிமுத்து ஜன்னலோரம் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பேசினார்.

“ஏனுங்க அம்மணி, நீங்க உள்ள இருக்கறீங்களா?”

“ஆமாங்க.”

“அப்படி இருக்கக் கூடாதுங்களே. இது ஆளில்லாத ஊடுங்க.”

“எனக்குத் தெரியுதுங்க. ரயிலுக்கு நேரமாச்சுங்க. பேத்திக்கு ஞானஸ்நானமுங்க. சித்த பூட்டை உடைச்சு என்னை வெளிய உடச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து பிரான்சிஸைப் பார்த்தார். பிரான்சிஸ் தொண்டையைச் செருமினார். சங்கத்தின் கண்காணிப்பில் இருக்கிற வீட்டின் பூட்டை யார் உடைத்தாலும் அது குற்ற முயற்சி, திட்டம் ஆரம்பித்த அன்றே சங்கமே குற்றம் செய்ததாக ஆகிவிடும் என்றார். செயற்குழு கூடித்தான் முடிவெடுக்க முடியும், செயற்குழு விழாக் களைப்பில் இருக்கிறது என்றார்.

இவர்களை நம்பினால் ஆகாது என்று உக்கடத்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகமது ரியாஸுக்கு நான் போன் போட்டேன். பாவம், மனிதர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்தார். வண்டியை நிறுத்தினதுதான் தாமதம், ரோந்துக்காரர்கள் விசில் ஊதிச் சுற்றி நின்றுகொண்டார்கள். எதற்கு ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறாய், பூட்டைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி. பூட்டு ரிப்பேர்க்காரனுக்குப் பூட்டைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று அவர் கேட்டார். ஒப்புக்கொண்டான் பாருங்கள் என்று நாலு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்து, ‘சந்தேக நபர்’ என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பொன்மணி அவென்யூ இருக்கிற திசையில் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். நான் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண்மணி பூட்டை உடைக்க ஆள் கூட்டி வந்ததாகச் சங்கத்திலிருந்து இப்போதுதான் தகவல் வந்தது, அந்தப் பெண்மணியை நீங்கள் பார்த்தீர்களா என்று என்னையே கேட்டார்கள். நான் இல்லை என்றேன்.

ரயில் போய்விட்டது.

டீனா போனில் அழுதாள். அம்மாள் இந்தப் பக்கம் அழவில்லை. நாளைக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவேன், குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் படு என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகு என்னிடம், “அந்தக் குல்லாய் பெட்டியிலதானுங்க இருக்குது, பத்திரமா வெச்சிருங்க அக்கா,” என்றார். பொன்னாடை போர்த்திய பெட்டியை நான்தான் என் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். ஜன்னல் கம்பி வழியாக இட்லியை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சட்னியை ஒரு பையில் ஊற்றிக் கொடுத்தேன். இதையும் பிரான்சிஸ் பார்த்துவிட்டு, ஆளில்லாத வீட்டுக்குச் சாப்பாடு போவது பார்வைக்கு நன்றாக இல்லை என்றார். ராத்திரி விளக்குப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். பூட்டிய வீட்டில் விளக்கு எரிந்தால் திட்டத்துக்குக் கெட்ட பெயராம்.

புதன்கிழமை காலையில் உள்ளூர்ச் சேனல்காரர்கள், திட்டத்தின் ‘மாதிரி வீடு’ என்று அதைப் படம் பிடிக்க வந்தார்கள். படம் எடுத்து முடிகிற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே சித்த குனிந்து உட்கார்ந்துகொள்ளும்படி கிருபாவதி அம்மாளிடம் நாச்சிமுத்து கெஞ்சினார். அந்தம்மாளும் முழங்கால் வலியோடு குனிந்து உட்கார்ந்தார். நாச்சிமுத்து கேமரா முன்னால் விரலை நீட்டி, “இந்த ஊட்டுக்குள்ள ஒரு ஈ, எறும்புகூட இல்லீங்க” என்றார். உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. மறுபடி ஒரு தடவை எடுத்தார்கள்.

மதியம் சமுதாயக் கூடத்தில் திட்டத்தின் முதல் நாள் வெற்றிக்குப் பாராட்டு விழா. பிரியாணி உண்டு என்பதால் லேஅவுட்டே காலி. ரோந்துக்காரர்கள் முதல் பந்திக்கே போய்விட்டார்கள். நான் மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு மொபெட் வந்து நின்றது. முழுக்கைச் சட்டை, தோளில் பை, நாற்பது வயது இருக்கும். பேனரைப் பொறுமையாக மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தான். ரோந்து நேரத்தைப் படித்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். அம்புக்குறி காட்டின திசையில் வந்தான். பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தான். சத்தியமாக எனக்குக் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. கீழே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

மக்கள் பூட்டு இரண்டு தட்டுக்குக்கூடத் தாங்கவில்லை.

கதவு திறந்தது. எதிரே முகம் கழுவி, தலை சீவி, கைப்பையை மாட்டிக்கொண்டு கிருபாவதி அம்மாள் நின்றார்.

“வாங்க கண்ணு,” என்றார்.

அவன் இரண்டடி பின்னால் போனான். “ஆளில்லைன்னு போட்டிருக்குதுங்களே,” என்றான். குரலில் ஏமாந்துபோன வருத்தம்.

“அது சங்கத்துல போட்டதுங்க.”

“சங்கத்துல போட்டா வெசாரிச்சுத்தானுங்க போட்டிருப்பாங்கன்னு நம்பி வந்தேன்.”

“நானும் அப்படித்தானுங்க நம்பினேன்,” என்றார் அம்மாள். “சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகோணும். நாகர்கோவில் வண்டி பிடிக்கோணும். இங்க ஆட்டோ கிடைக்குமுங்களா?”

அவன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். இன்றைக்குப் பண்டிகைக் கூட்டம், ஆட்டோவுக்கு நின்றால் பொழுது போய்விடும் என்றான். கம்பியைப் பைக்குள் போட்டுவிட்டு, “உக்காருங்க. உக்கடம் வழியாப் போயிரலாமுங்க,” என்றான். அம்மாள் உள்ளே போய் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து நீட்டினார். வேலை நேரத்தில் சாப்பிடுவதில்லை என்று மறுத்துவிட்டான். பெட்டியை நானே மொபெட் முன்னால் வைத்தேன். திருடன் கையில் பெட்டியைக் கொடுத்து, பத்திரமா கூட்டிட்டுப் போங்க என்று சொன்ன ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தி, கயிற்றால் கட்டினேன். ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று வாசலில் என் வீட்டுக்காரரின் பழைய செருப்பை விட்டேன். கொடியில் இரண்டு வேட்டியைக் காயப் போட்டேன். பேனரை அவிழ்க்க எனக்கு எட்டவில்லை.

பிரியாணி முடிந்து வந்த சங்கம் உடைந்த பூட்டைப் பார்த்து அலறியது. கயிற்றை அவிழ்த்து உள்ளே போய் ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார்கள். பீரோ அப்படியே. டிவி அப்படியே. மிக்ஸி அப்படியே. என்னை யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். களவு போனது என்ன என்று கேட்டதற்கு, வீட்டின் உரிமையாளர் என்று நாச்சிமுத்து எழுதிக் கொடுத்தாராம். வீட்டில் மற்ற எல்லாப் பொருளும் சங்கத்தின் கண்காணிப்பால் பாதுகாப்பாக இருப்பதாகவும் சேர்த்து எழுதச் சொன்னார் பிரான்சிஸ்.

கிறிஸ்துமஸ் காலையில் செயற்குழு அவசரமாகக் கூடியது. நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். காணாமல்போனவரைத் தேடத் தனிக்குழு அமைப்பதா, அல்லது முதலில் பேனர் அடிப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். இது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நாச்சிமுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

எடுத்தார் கிருபாவதி அம்மாள். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“அம்மணி, எங்கீங்க இருக்கறீங்க?”

“கோயில் வாசல்லீங்க. இப்பத்தான் தண்ணி தெளிச்சாங்க. பாப்பா என்ற கையிலதான் இருக்கறா. குல்லாயை இழுத்து இழுத்துக் கீழ போடறாளுங்க.”

“ரொம்பச் சந்தோசமுங்க. நீங்க திரும்பி வார தேதியைச் சொல்லுங்க அம்மணி. சிங்கப்பூர்ல இருந்து அய்யாவை வரச் சொல்லி, வீடு திறப்பு விழான்னு பெருசா ஒண்ணு வெச்சுரலாமுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அந்த ஊட்டை நெருங்காம நாங்க பாத்துக்கறோமுங்க.”

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. செயற்குழு முழுவதும் போனை நோக்கிக் குனிந்தது.

“அதை மட்டும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேனுங்க,” என்றார் கிருபாவதி அம்மாள். எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டார்.